பழைய உலாவிகளில் உறுப்பு நகலெடுப்பும் பாணி இழப்பும்: தமிழ்ப் பயிற்சிப் பக்கங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழ் கற்றல் கற்பித்தலுக்கெனக் கடந்த கால் நூற்றாண்டில் ஆசிரியர்களும் விரிவுரையாளர்களும் உருவாக்கிய இணையப் பயிற்சிப் பக்கங்கள் பல, இன்று குறுவட்டுகளிலும் பள்ளிக் கணினிகளிலும் உறங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் கணிசமானவை 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, 2006-இல் வந்த 7, 2009-இல் வந்த 8 ஆகிய பதிப்புகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அவ்வுலாவிக் குடும்பத்தின் இறுதிப் பதிப்பாகிய 11-க்கு விண்டோஸ் 10-இன் பெரும்பாலான வகைகளில் வழங்கிவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2022 ஜூன் 15-ஆம் நாள் நிறுத்திக்கொண்டது. எட்ஜ் உலாவியினுள் பழைய பக்கங்களைத் திறப்பதற்கென அமைந்துள்ள ஐஇ முறை குறைந்தது 2029 வரை தொடரும் என்று அந்நிறுவனம் அறிவித்துள்ளது. ஆகவே, அப்பக்கங்களை அவை பிறந்த சூழலிலேயே இயக்கிப் பார்த்துப் பழுது நீக்குவதற்கு நமக்குள்ள காலம் எல்லைக்குட்பட்டது.

இப்பக்கங்களில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் கோளாறு ஒன்று உண்டு. ஒரு வினாக் கட்டத்தை ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நகலெடுத்து அடுத்த வினாவுக்கான கட்டத்தை அமைக்கின்றது. நகல் தோன்றுகின்றது, ஆனால், மூலத்தின் எழுத்துருவோ எல்லைக்கோடோ மாணவர் தெரிவு செய்த விடையோ அதில் இல்லை. சில வேளைகளில் மூலத்தில் இருந்ததும் சேர்ந்தே அழிந்துவிடுகின்றது. ஆங்கிலப் பக்கமொன்றில் பாணி இழப்பு என்பது பெரும்பாலும் அழகுக் குறையே. எழுத்துருவைச் சார்ந்த குறியீட்டு முறையில் அமைந்த தமிழ்ப் பக்கத்திலோ பாணி போனால் எழுத்தே போய்விடும். இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே நாம் இக்கோளாறுகளை இங்கு விளக்க முனைகின்றோம். நிரலாக்கத்தில் பழக்கமில்லாத ஆசிரியரும் தம் பக்கத்தில் எது பழுது என இனங்காண்பதற்கு வேண்டிய அளவிலேயே தொழில்நுட்பச் செய்திகள் தரப்படுகின்றன.

எழுத்துருவே எழுத்தாக இருந்த காலம்

யூனிகோட் தரத்தில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றிருந்தும், அதனைத் திரையில் ஒழுங்காகக் காட்டவல்ல இயங்குதளங்கள் பரவுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. லதா எழுத்துரு விண்டோஸ் 2000-உடன் வந்தது. விண்டோஸ் 98 பயன்படுத்தியோர்க்கு அவ்வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. அவ்விடைவெளியை நிரப்பியவை எட்டு பிட் குறியீட்டு முறைகள். 1997-இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ்நெட் 97 கருத்தரங்கையொட்டிய காலத்தில் இணையத்தமிழ் ஆர்வலர்களின் கலந்துரையாடலில் டிஸ்கி உருப்பெற்றது. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டினைத் தொடர்ந்து தமிழக அரசு தாம், தாப் ஆகியவற்றை அறிவித்தது. நம் வட்டாரத்தில் மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் பலருக்கும் தமிழ்த் தட்டச்சின் வாயிலாக அமைந்தது.

இம்முறைகளின் இயல்பை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். டிஸ்கியில் 128-க்கு மேற்பட்ட எண்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டன. கோப்பில் இருப்பது எண் மட்டுமே; அதனைத் தமிழாக்கிக் காட்டுவது எழுத்துரு. பக்கத்தின் பாணித்தாள் இணைமதி போன்றதோர் எழுத்துருவைப் பெயர் சொல்லி அழைத்தால் அவ்வெண்கள் தமிழாகும். அழைக்காவிடில் ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட இலத்தீன் எழுத்துகளாய்க் குழம்பித் தோன்றும். பார்ப்பவர் இதனைக் கோப்புச் சிதைவு என்று கருதிவிடுகின்றார். உண்மையில் கோப்பு நலமாகவே இருக்கின்றது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பயனரின் கணினியில் எழுத்துரு இல்லாவிடினும் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிடும் வழியை மைக்ரோசாப்ட் வெப்ட் என்ற கருவியின் வழியாகத் தந்தது. அக்கருவி உருவாக்கும் இஓடி வகைக் கோப்பு, குறிப்பிட்ட இணைய முகவரிகளில் மட்டுமே இயங்குமாறு கட்டப்படுவது வழக்கம். அத்தகைய பக்கத்தைக் குறுவட்டுக்கோ வேறொரு வழங்கிக்கோ மாற்றினால் எழுத்துரு வேலை செய்யாது. எனவே, மூல வினாக் கட்டமும் நகலும் ஒருசேரக் குழம்பியிருந்தால் பழுது நகலெடுப்பில் இல்லை, எழுத்துருவில்தான் உள்ளது. மூலம் தெளிவாக இருந்து நகல் மட்டும் குழம்பியிருந்தால்தான் கீழே கூறப்படுவன பொருந்தும். இவ்வொரு வினாவை முதலில் கேட்டுக்கொண்டாலே பாதி அலைச்சல் குறையும்.

நகல் எதனை உள்ளடக்கும்?

ஒரு பக்கத்தை உலாவி திறக்கும்பொழுது அதன் தலைப்பு, பத்தி, அட்டவணை, பொத்தான் ஒவ்வொன்றையும் ஓர் உறுப்பாகக் கொண்டு மரம்போன்ற ஓர் அமைப்பை நினைவகத்தில் உருவாக்குகின்றது. இவ்வமைப்பின் முதல் தரத்தை டபிள்யூ3சி அமைப்பு 1998 அக்டோபரில் வெளியிட்டது. குளோன்நோட் என்னும் கட்டளை அதில்தான் வரையறுக்கப்பட்டது. உறுப்பொன்றை மட்டுமோ, அதன் கிளைகள் அனைத்தையும் சேர்த்தோ நகலெடுக்க அது வழிசெய்கின்றது.

நகல் என்ற சொல்லைக் கேட்டதும் ஒளிநகலை எண்ணிக்கொள்வது இயல்பு. அவ்வாறு எண்ணுவதே பல குழப்பங்களுக்கு வித்து. ஓர் உறுப்பு திரையில் எவ்வாறு தோன்றுகின்றது, எவ்வாறு இயங்குகின்றது என்பதனை மூன்று முடிவு செய்கின்றன. ஒன்று, அவ்வுறுப்பின் குறிச்சொல்லிலேயே எழுதப்பட்ட பண்புக்கூறுகள். இரண்டு, பக்கம் திறந்தபின் அவ்வுறுப்பு அடைந்த நிலை: தட்டச்சு செய்யப்பட்ட விடை, சொடுக்கப்பட்ட பொத்தான், நிரல் இணைத்த நிகழ்வுக் கையாளி ஆகியன. மூன்று, அவ்வுறுப்பு இருக்கும் சூழல்: அதன் தாயுறுப்பு எது, அதற்கு முன்னும் பின்னும் எவை உள்ளன, பாணித்தாளின் எந்த விதி அதற்குப் பொருந்துகின்றது என்பன. குளோன்நோட் முதலாவதை நகலெடுக்கும். மூன்றாவதை எந்த உலாவியிலும் நகலெடுக்காது. இரண்டாவதில்தான் உலாவிகள் தத்தம் போக்கில் சென்றன.

சூழல் நகலாகாது என்பதனைத் தமிழாசிரியர்க்கு விளக்குவது எளிது. மரம் என்பதும் வேர் என்பதும் புணர்ந்து மரவேர் என்றாகும்பொழுது மகரமெய் கெடுகின்றது. அக்கேடு மரம் என்ற சொல்லின் இயல்பன்று. வருமொழியோடு சேர்ந்த இடத்தில் நேர்ந்தது. மரவேர் என்பதிலிருந்து ‘மர’ என்பதை மட்டும் வெட்டி வேறொரு தொடரில் ஒட்டினால் அது நிறைவுற்ற சொல்லாகாது. பாணித்தாளின் விதிகளும் அவ்வாறே நிலைமொழி வருமொழி நோக்கிச் செயற்படுபவை.

ஐடியை மாற்றினால் எழுத்து மாயும்

நாம் எடுத்துக்கொள்ளும் மாதிரி இது: பெயர்ச்சொல் வகையறிதல் பயிற்சி. ஒரு கட்டத்தில் வினா எண், டிஸ்கியில் எழுதப்பட்ட வினாத் தொடர், நான்கு ரேடியோ பொத்தான்கள், ‘அடுத்த வினா’ என்னும் பொத்தான் ஆகியன உள்ளன. கட்டத்திற்கு ‘வினா1’ என்று ஐடி இடப்பட்டுள்ளது. பாணித்தாளில் ‘வினா1’ என்னும் ஐடியுடைய உறுப்புக்கு இணைமதி எழுத்துரு என்று விதி எழுதப்பட்டுள்ளது. அக்காலப் பக்கங்களில் இவ்வாறு ஐடியை நேரடியாகப் பிடித்துப் பாணி எழுதுவது மிகப் பரவலான பழக்கம்.

இக்கட்டத்தை நகலெடுத்தால் ஐடியும் சேர்ந்தே வரும். ஒரே பக்கத்தில் ஒரே ஐடி இருமுறை வரலாகாது என்பது தரத்தின் விதி. வந்தாலும் உலாவி பிழை சொல்லாது, பாணி இரண்டுக்கும் பொருந்தும், தமிழும் தெரியும். ஆனால், நிரல் ‘வினா1’-ஐத் தேடும்பொழுதெல்லாம் முதற்கட்டமே கிடைக்கும். இரண்டாம் வினாவின் விடையைச் சரிபார்க்கச் சென்ற நிரல் முதல் வினாவின் விடையைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பும். மாணவர் தவறாக விடையளித்தும் ‘சரி’ என்று வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 வரையிலான பதிப்புகளில் ஐடியைத் தேடும் கட்டளை, பெயர்ப் பண்புக்கூறையும் ஐடியாகக் கொள்ளும் வழக்கமுடையது. ஆதலின், ‘விடை’ என்ற பெயருடைய பொத்தானும் ‘விடை’ என்ற ஐடியுடைய பத்தியும் ஒரே பக்கத்தில் இருந்தால் எது முன்னே உள்ளதோ அதுவே அகப்படும்.

இதனைத் திருத்த முற்பட்டு நகலின் ஐடியை ‘வினா2’ என மாற்றினால் நிரல் சரியாகிவிடும். ஆனால், ‘வினா2’-க்கு எழுத்துரு விதி இல்லை. மூலத்தில் ‘அழகன் பள்ளிக்குச் சென்றான்’ என்று தெளிவாக நிற்கும் தொடர், நகலில் இலத்தீன் குறிகளின் குவியலாய் நிற்கும். திருத்தம் செய்தபின் பழுது பெரிதாகத் தோன்றுவதால், பலர் திருத்தத்தைக் கைவிட்டுப் பழைய ஐடியையே வைத்துக்கொள்கின்றனர். தமிழ் தெரிகின்றது, மதிப்பெண் பிழையாகின்றது. கண்ணுக்குத் தெரியும் பிழையைப் போக்கிக் கண்ணுக்குத் தெரியாத பிழையை வைத்துக்கொள்ளும் இப்பரிமாற்றம் கல்வி நோக்கில் ஏற்கத்தக்கதன்று.

வழி எளியது. எழுத்துரு விதியை ஐடியிலிருந்து எடுத்துக் கிளாஸ் என்னும் வகைப்பெயரின்மேல் வைத்தல் வேண்டும். ஐடி ஒருவரின் அடையாள அட்டை எண் போன்றது; வகைப்பெயர் சீருடை போன்றது. எத்தனை நகல் எடுத்தாலும் சீருடை ஒன்றே. எண் மட்டும் மாறும்.

கிளாஸ் என்று எழுதியும் பாணி வராமை

சிலர் குளோன்நோட்டை நாடாமல் புதிய உறுப்பைத் தாமே உருவாக்கி, மூலத்தின் பண்புக்கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்து இடுவர். இங்கும் ஒரு பொறி இருந்தது. பண்புக்கூறு இடும் கட்டளையில் ‘கிளாஸ்’ என்று எழுதினால் பயர்பாக்ஸ் ஏற்றுக்கொள்ளும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, 7 ஆகியன அதனைப் பெற்றுக்கொண்டு எவ்விதப் பிழைச் செய்தியும் தராமல், பாணியையும் பொருத்தாமல் விட்டுவிடும். அவற்றுக்கு ‘கிளாஸ்நேம்’ என்ற உள் இயல்பின் பெயரையே தர வேண்டியிருந்தது. ‘ஸ்டைல்’ என்னும் பண்புக்கூற்றைச் சரமாக இடுவதற்கும் இதே கதிதான். ஸ்டைலின் உட்பிரிவாகிய ‘சிஎஸ்எஸ்டெக்ஸ்ட்’ வழியாக இட்டால்தான் அது பொருந்தும். ‘ஃபுளோட்’ என்ற பாணிக்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ‘ஸ்டைல்ஃபுளோட்’ என்றும் பிற உலாவிகளில் ‘சிஎஸ்எஸ்ஃபுளோட்’ என்றும் இரு பெயர்கள் வழங்கின. கிளாஸ்நேமை நேரடியாக இடுவது எல்லா உலாவிகளுக்கும் பொதுவாகையால் அவ்வழியையே நாம் பரிந்துரைக்கின்றோம்.

8-ஆம் பதிப்பு இக்குறையை நீக்கியது. எனினும், தர முறையில் திறக்கப்பட்ட பக்கங்களுக்கு மட்டுமே. பக்கத்தின் முதல் வரியில் ஆவண வகை அறிவிப்பு இல்லாவிட்டால் அவ்வுலாவி பழைய 5.5-ஐப் போலவே நடந்துகொள்ளும். அவ்வறிவிப்பு இல்லாத தமிழ்ப் பக்கங்கள் ஏராளம். அத்தகைய பக்கங்களில் பாடி உறுப்புக்கு இட்ட எழுத்தளவும் தடிப்பும் நிறமும் அட்டவணைக்குள் இறங்குவதில்லை. வினாக்களை அட்டவணையில் அடுக்குவது அன்றைய பொது வழக்கு என்பதால், நகலெடுத்த கட்டம் அட்டவணைக்குள் புகுந்ததும் எழுத்து திடீரெனச் சிறுத்தோ பெருத்தோ போவதற்கு இதனையும் காரணமாக நோக்க வேண்டும்.

அட்டவணையைப் பற்றி இன்னொன்று. நகலெடுத்த வரிசையை நேரே அட்டவணை உறுப்பில் சேர்த்தால் 6, 7-ஆம் பதிப்புகளில் அது திரையில் தோன்றாது. இடையிலுள்ள டிபாடி என்னும் உறுப்பில் சேர்க்க வேண்டும். எச்டிஎம்எல்லில் டிபாடி எழுதப்படாவிட்டாலும் உலாவி அதனைத் தானே உருவாக்கிக்கொள்கின்றது. எழுதியவர் கண்ணுக்கு இல்லாத ஒன்று மரத்தில் இருக்கின்றது.

பெயர் மாறாத பொத்தான்கள்

ரேடியோ பொத்தான்கள் ஒரே பெயரால் ஒரு குழுவாகின்றன. குழுவில் ஒன்றைத் தெரிவு செய்தால் மற்றவை விடுபடும். ‘விடை1’ என்ற பெயருடைய நான்கு பொத்தான்களை நகலெடுத்தால் அவற்றின் பெயரும் ‘விடை1’-ஆகவே இருக்கும். பெயரை மாற்றாமல் அந்நகலைப் பக்கத்தில் சேர்த்த அக்கணமே எட்டுப் பொத்தான்களும் ஒரே குழுவாகிவிடும். இரண்டாம் வினாவுக்கு மாணவர் விடையைச் சொடுக்கும்பொழுது முதல் வினாவின் விடை நீங்கிவிடும். நகலே தெரிவு நிலையோடு வந்திருந்தால் சொடுக்காமலேயே நீங்கும். இது பழைய உலாவிகளுக்கு மட்டும் உரியதன்று. இன்றைய உலாவிகளுக்கும் இவ்விதி பொருந்தும். ஆதலால், பெயரை மாற்றிய பின்னரே நகலைப் பக்கத்தில் சேர்த்தல் வேண்டும். வரிசை முக்கியம்.

பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலோ இவ்வளவும் போதாது. 7 வரையிலான பதிப்புகளில் நிரல்வழி பெயரை மாற்றினால் படிவத்தை அனுப்பும்பொழுது புதிய பெயர் செல்லும். ஆனால், உலாவியின் உட்பட்டியலில் பழைய பெயரே நிலைத்திருக்கும். வெளியே புதுப்பெயர், உள்ளே பழம்பெயர். நிரலில் பெயரை எழுதிப் பார்த்தால் சரியாகவே காட்டும். குழு நடத்தை மட்டும் தவறும். ஆசிரியரை மிகவும் அலைக்கழிக்கும் கோளாறு இதுவே எனலாம். சோதனைக்குச் சோதனை அது தன்னை மறைத்துக்கொள்கின்றது. மைக்ரோசாப்டின் ஆவணங்களே இதற்கொரு மாற்றுவழியைச் சொல்லின: உறுப்பை உருவாக்கும் கட்டளைக்குள்ளேயே பெயருடன் கூடிய முழுக் குறிச்சொல்லையும் எழுதித் தருதல். பிற உலாவிகள் இவ்வடிவத்தை ஏற்காமல் பிழை கூறும். ஆகவே, பெயரோடு கூடிய எச்டிஎம்எல் சரத்தை அமைத்து இன்னர்எச்டிஎம்எல் வழியாக ஒரு வெற்று உறுப்பினுள் இடுவதே எங்கும் செல்லும் வழி. இதற்கும் ஒரு விலக்கு உண்டு: அட்டவணையின் வரிசை முதலிய உறுப்புகளில் 9-ஆம் பதிப்பு வரையில் இன்னர்எச்டிஎம்எல்லை எழுத இயலாது. அங்கே கட்டம் என்னும் சிற்றறைக்குள் இட வேண்டும்.

தெரிவு நிலையைப் பொறுத்தவரை 6 முதல் 8 வரையிலான பதிப்புகள் செக்பாக்ஸ், ரேடியோ பொத்தான் ஆகியவற்றின் தெரிவை நகலுக்குக் கொண்டுசெல்வதில் தவறின. 6, 7-இல் தொடக்கத் தெரிவு என்னும் இயல்பையும் சேர்த்து இட்டால்தான் நகலில் குறி தோன்றும். சபாரியின் சில பதிப்புகளிலும் இதையொத்த குறை இருந்தது. இன்றைய தரத்தின்படி உள்ளீட்டுப் பெட்டியின் மதிப்பும் தெரிவும் நகலாகும். இறங்கு பட்டியலில் பயனர் செய்த தெரிவு இன்றும் நகலாவதில்லை. பயிற்சிப் பக்கங்களைப் பொறுத்தவரை நகலுக்கு நிலை வேண்டுவதே இல்லை என்பதே நம் கருத்து. இரண்டாம் வினா வெறுமையாகத் தொடங்க வேண்டும். மாணவர் கைபட்ட கட்டத்தை நகலெடுக்காமல், பக்கத்தில் மறைத்து வைக்கப்பட்ட தூய வார்ப்பொன்றை ஒவ்வொரு முறையும் நகலெடுத்தால் இச்சிக்கல்களுள் பெரும்பகுதி எழுவதேயில்லை.

ஒரு சொடுக்கு, இரு மதிப்பெண்

‘அடுத்த வினா’ பொத்தானை முதன்முறை சொடுக்கினால் ஒரு கட்டம் தோன்றுகின்றது. புதிய கட்டத்திலுள்ள அதே பொத்தானைச் சொடுக்கினால் இரண்டு தோன்றுகின்றன. அதற்கடுத்த கட்டத்தில் மூன்று. மதிப்பெண்ணும் அவ்வாறே பெருகுகின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறும் இவ்வரிசையைக் கண்டால் காரணத்தைத் தயங்காமல் கூறிவிடலாம்.

நிகழ்வுகள் பற்றிய இரண்டாம் நிலைத் தரம் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நகலெடுக்கும்பொழுது மூலத்தில் இணைக்கப்பட்ட நிகழ்வுக் கையாளிகள் நகலுக்குச் செல்லா என்று அது தெளிவாகவே கூறுகின்றது. அதன்படி எழுதிய நிரலாளர், நகலெடுத்தபின் கையாளியை மீண்டும் இணைப்பார். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 வரையில் அத்தரத்தைப் பின்பற்றாமல் ‘அட்டாச்ஈவென்ட்’ என்னும் தன் சொந்தக் கட்டளையையே கொண்டிருந்தது. அதன்வழி இணைத்த கையாளிகளை நகலுக்கும் கொண்டுசென்றது. அதே கையாளியை இருமுறை இணைத்தால் இருமுறையும் இயக்கியது. ஆகவே, உலாவி கொணர்ந்தது ஒன்று, நிரலாளர் சேர்த்தது ஒன்று. அடுத்த நகல் இவ்விரண்டையும் பெற்று மூன்றாவதையும் ஏற்றது.

நகலிலிருந்து கையாளியை நீக்கிவிடலாமே எனில், அதிலும் இடர்: நகலில் நீக்கினால் மூலத்திலும் நீங்கிவிடும். 2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி நூலகத்தின் பழைய பதிப்புகளில் இக்குறையை விளக்கும் குறிப்பு நிரலினுள்ளேயே எழுதப்பட்டிருந்தது. குளோன்நோட்டைத் தவிர்த்து இன்னர்எச்டிஎம்எல் வழியே நகலெடுத்து அந்நூலகம் தப்பியது. உறுப்பின்மேல் நிரல் ஒட்டிவைத்த சொந்த இயல்புகளையும் அவ்வுலாவி பண்புக்கூறுகளாகக் கருதி நகலுக்குக் கடத்தியது. மூலத்திற்குரிய உள் அடையாள எண்ணை நகலும் சுமக்கும். இரண்டும் ஒரே தரவைப் பங்கிட்டுக்கொள்ளும். நூலகங்கள் அவ்வெண்ணை நகலிலிருந்து துடைத்தெடுக்க வேண்டியதாயிற்று.

தனியாக எழுதும் ஆசிரியர்க்கு உகந்தது, ஒவ்வொரு கட்டத்திலும் கையாளியை இணைக்காமல் எல்லாக் கட்டங்களையும் உள்ளடக்கிய தாயுறுப்பில் ஒரேயொரு கையாளியை இணைப்பதாகும். சொடுக்கு உள்ளிருந்து மேலேறி வரும். எந்தக் கட்டத்திலிருந்து வந்தது என்பதனை அங்கே அறிந்துகொள்ளலாம். நகல்கள் எத்தனை வந்தாலும் கையாளி ஒன்றே. ஆனால், சொடுக்கு மேலேறுவதுபோல ‘சேஞ்ச்’ எனப்படும் மாற்ற நிகழ்வு 8-ஆம் பதிப்பு வரையில் மேலேறுவதில்லை. இறங்கு பட்டியல் கொண்ட பயிற்சிகளில் இதனை மறத்தல் கூடாது.

இடம் மாறிய நகலும் எட்டாத விதியும்

பாணித்தாளில் ‘பயிற்சி என்னும் உறுப்பினுள் இருக்கும் பத்தி’ என்று விதி எழுதப்பட்டிருக்க, நகலை நிரல் பக்கத்தின் அடியில் பாடி உறுப்பில் சேர்த்துவிட்டால் விதி பொருந்தாது. இதனை உலாவியின் குறை எனல் தகாது. நேர்ச்சேயைக் குறிக்கும் விதியும், முதற்சேயைக் குறிக்கும் விதியும் 6-ஆம் பதிப்புக்குத் தெரியாதவை; இரு வகைப்பெயர்களை இணைத்து எழுதினால் அது இறுதிப் பெயரை மட்டுமே கொள்ளும். 7-ஆம் பதிப்பு முதற்சேயை அறியும். எனினும், நிரல் ஒரு கட்டத்தை முன்னே சேர்த்தபின் யார் முதற்சேய் என்று மறுபடியும் கணக்கிடுவதில்லை. பழைய முதற்கட்டமே மேற்கோட்டைச் சுமந்து நிற்கும். இத்தகைய இடங்களில் ‘முதல்’ என்றொரு வகைப்பெயரை நிரலே இட்டு, தேவைப்படும்பொழுது எடுத்துவிடுவது பாதுகாப்பானது.

நகலில் உண்மையில் எந்த எழுத்துரு பொருந்தியுள்ளது என்று அறிய 9-ஆம் பதிப்பு முதலும் பிற உலாவிகளிலும் ‘கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல்’ என்னும் கட்டளை உண்டு. 8 வரையில் ‘கரன்ட்ஸ்டைல்’ என்பதையே நாட வேண்டும். மூலத்திலும் நகலிலும் எழுத்துருப் பெயரைக் கேட்டு இரண்டையும் ஒப்பிட்டால் பழுது பாணியிலா பிறவற்றிலா என்பது உடனே புலப்படும். அவுட்டர்எச்டிஎம்எல் வழியாக இரண்டின் குறிச்சொற்களையும் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படிப்பதும் நன்று. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்துப் பழகிய தமிழ்த்துறையினர்க்கு இது புதிய வேலையன்று. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் குறிச்சொற்களைப் பெரிய எழுத்தில் காட்டுவதையும் சில பண்புக்கூறுகளின் மேற்கோள் குறிகளை விட்டுவிடுவதையும் பாடபேதமாகக் கொள்ள வேண்டா.

இன்று இச்சோதனைகளைச் செய்ய விரும்புவோர் எட்ஜின் ஐஇ முறையில் பக்கத்தைத் திறந்து, விண்டோஸுடன் வரும் ஐஇசூசர் என்னும் கருவியை அதனோடு இணைக்கலாம். ஆவண முறைகள் பழைய பதிப்புகளைப் போலச் செய்பவையே. முழுமையாக அவையே ஆகிவிடா. எனினும், மேற்கூறியவற்றுள் பலவற்றை அங்கே கண்ணால் காணலாம்.

யூனிகோடுக்கு மாற்றும்பொழுது எழும் எண்ணிக்கைச் சிக்கல்

டிஸ்கிப் பக்கத்தை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் எழுத்துரு போனாலும் எழுத்து நிற்கும். ஆகவே, பழுதுநீக்கத்திற்கு முன் மாற்றத்தைச் செய்துவிடுவதே முறை என்பது நம் துணிபு. மாற்றும்பொழுது எச்டிஎம்எல் கோப்பை மட்டும் மாற்றி, ஜாவாஸ்கிரிப்ட் கோப்பினுள் இருக்கும் தமிழ்ச் சரங்களை விட்டுவிடுவோர் உளர். அவ்வாறாயின் நகலெடுத்த கட்டத்தில் வார்ப்பிலிருந்து வந்த சொற்கள் தமிழாகவும், நிரல் புதிதாக இட்ட சொற்கள் குழப்பமாகவும் ஒரே வரியில் அருகருகே நிற்கும். நிரல் கோப்பையும் மாற்றி யூடிஎப்-8 என்று குறியீட்டை அறிவித்தல் வேண்டும்.

இதனினும் ஆழமான சிக்கல் எழுத்துப் பெட்டிப் பயிற்சிகளில் உள்ளது. சொல்லொன்றைத் தந்து, எழுத்துக்கு ஒரு பெட்டியாக நகலெடுத்து அடுக்கும் பயிற்சிகள் பல உள்ளன. தமிழ் என்னும் சொல்லுக்கு இலக்கணப்படி மூன்று எழுத்து. டிஸ்கியில் த, ம, இகரக் குறி, ழ் என நான்கு குறியீடுகள். அங்கே ழகர ஒற்றுக்குத் தனியிடம் உண்டு. யூனிகோடில் ஒற்றின் புள்ளி தனிக்குறியீடாவதால் ஐந்து. கொ என்னும் ஓரெழுத்து டிஸ்கியில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணால் காணும் வரிசையில் மூன்று குறியீடாகும். யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு. குறியீடுகளை எண்ணிப் பெட்டிகளை நகலெடுக்கும் நிரல் இருமுறைகளிலும் பிழைபடும். ஆனால், வெவ்வேறு விதமாகப் பிழைபடும். பழைய நிரலாளர் டிஸ்கிக்கென்று கொம்பையும் காலையும் கழித்து எழுதிய திருத்தம் யூனிகோடில் பொருளிழந்து புதிய பிழையை ஈனும். அத்திருத்தத்தை முழுதும் நீக்கிவிட்டு, பயனர் நோக்கில் ஓரெழுத்து எதுவெனப் பிரித்துத் தரும் ‘இன்டல் செக்மென்டர்’ என்னும் வசதியைப் பயன்படுத்தலாம். குரோமில் 2020 முதல் இருந்துவரும் இவ்வசதி 2024-இல் பயர்பாக்ஸிலும் சேர்ந்தது. அது தமிழ் என்பதை மூன்றாகவே பிரிக்கும். க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை அது எவ்வாறு கொள்கின்றது என்பதனை மட்டும் பெட்டிகளை நகலெடுப்பதற்கு முன் ஆசிரியர் தனியே சரிபார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.